முதல் வாய் மேடத்துக்கு

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஷீஜா டீச்சரின் போன் வந்தது. "சாரே, நம்ம கோமதி மேடம் மரிச்சுப் போயி. ராவிலெ நெஞ்சுவேதனை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே..." என்று அழுதார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த வாரத் தொடக்கத்தில் மேடம் போனில் என்னோடு சண்டை போட்டிருந்தார். டப்பா ஜூஸில் பழம் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பது சண்டை. அது முடியவில்லை. பாதிச் சண்டையில் எழுந்து போகிற ஆள் இல்லையே அவர்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகல் நேரக் குழந்தைகள் காப்பகங்களுக்கு அனுமதி தருமுன் நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் இருவரின் வேலை. விதிகள் அவர் பொறுப்பு, பிள்ளைகளின் உடல்நிலை என் பொறுப்பு. மற்றவர்கள் கேட் இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா என்று பார்த்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். மேடம் போனதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை ஒரு காப்பகத்தில் நாற்காலி போட்டும் உட்கார மறுத்தார். "குழந்தை உசரத்துலேர்ந்து என்ன தெரியறதுன்னு பார்க்கறேன் சார். ஜன்னல் தெரியலை. டிவிதான் தெரியறது" என்றார். எனக்கோ அடுத்த இடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே பலகை போட்டு மேடை கட்டச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

விழிஞ்ஞத்தில் ஷீஜா டீச்சர் நடத்தும் காப்பகத்தில் பாதிப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள். தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்களின் குழந்தைகள். நான் எடை பார்க்கப் போனபோது பலரும் இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருந்தார்கள். ஷீஜா டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாக்களுக்கும்தான். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் செல்வி என்ற நாலு வயதுப் பெண் சறுக்குமரத்தின் படியில் பாதி ஏறி, மூச்சு வாங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த வயதில் இந்த எடை நல்லதில்லை என்று நான் சொன்னேன். மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லாதப்பட்டவா வீட்டுக் குழந்தை எப்படி சார் குண்டாறது?"

வழக்கமான பதில்களை அடுக்கினேன். செல்போன், சோறு, சோம்பல். எதையும் அவர் ஏற்கவில்லை. "மெஷின் எடையை மட்டும்தான் சொல்றது. காரணத்த நாமதான் கேட்டுண்டு வரணும்" என்று சொல்லி, செல்வியின் வீட்டுக்கே போனார். செல்வியின் அம்மா பேச்சியம்மாள் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர். மேடம் அந்த வீட்டில் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு வந்து, "வீட்டுல ஒரு தப்பும் இல்லை. பயறுக்குக் கொஞ்சம் தேங்காய் கூட்டலாம்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே காப்பகத்து வாசலில் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். மதியக் கஞ்சி காப்பகத்தில் கொடுப்பார்கள். இடையில் தின்ன வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பேச்சியம்மாள் ஒரு டப்பாவில் அவித்த பயறு கொண்டுவந்தார். டீச்சர் கூடாதென்று தலையை ஆட்டி, சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். பேச்சியம்மாள் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கிரீம் பிஸ்கட்டும் ஒரு டப்பா ஜூஸும் வாங்கி வந்தார். பிள்ளை உள்ளே போனது.

போர்டில் இருந்தது இதுதான்: வெளியிலிருந்து கொண்டுவரும் தின்பண்டம் சீல் வைத்து, தேதி அச்சிட்ட பாக்கெட்டாக மட்டுமே இருக்க வேண்டும். வேறொரு காப்பகத்தில் பிள்ளைகள் வாந்தி எடுத்துப் பெரிய ரகளையான பிறகு வந்த விதி அது. எழுதியது கோமதி மேடம்.

"எங்க வீட்டுல அவிச்ச பயறு ஆவாதாம், கடை பிஸ்கட்டுதான் ஆவுமாம்" என்றார் பேச்சியம்மாள். "நீங்கதானே மேடம் இப்படி எழுதிப் போட்டிய? எம் பிள்ளைக்குக் கேடு வரப்பிடாதுன்னுதான் எழுதியிருப்பியன்னு நானும் வாங்கிக் குடுக்கேன்."

மேடம் அந்தப் போர்டைச் சத்தம் போட்டு ஒருமுறை வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "காரணம் நான்தான் சார்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. தேடியது அகப்பட்டுவிட்ட ஆச்சரியமும் இருந்தது. அப்படியொரு குரலை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

விதியை மாற்றுவது லேசான காரியமா? ஷீஜா டீச்சர்தான் முதலில் பயந்தார். "ஒரு பிள்ளைக்கு வயிறு கேடாயால் லைசென்ஸ் போகும் மேடம். பின்னெ இந்த அம்மமாரு பிள்ளைய எங்கே விட்டுட்டு ஜோலிக்குப் போவும்?" அந்தப் பயம் நியாயமானது. ஓய்வுபெறும் நேரத்தில் உங்களுக்கு இது தேவையா என்று நானும் கத்தினேன். மேடம் கேட்கவில்லை. அந்த ஒரு காப்பகத்தில் மட்டும், அவர் பொறுப்பில் செய்து பார்க்கலாம் என்று மேலிடம் அரைமனதாக ஒப்புக்கொண்டது. அன்று சமைத்தது வரலாம். ஆனால் பெரியவர் ஒருவர் முதலில் தின்று பார்க்க வேண்டும்.

"யாரு முதல்லெ தின்னும்?" என்றார் ஷீஜா டீச்சர்.

"நான்தான். வேற யாரு?"

தினமும் காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறி, கைப்பையில் ஒரு ஸ்பூனோடு போய்விடுவார். பயறு, கிழங்கு, முட்டை, ராகி அடை என்று ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வாய். அக்கிரகாரத்தில் பிறந்தவர் முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

அப்புறம் அது நடந்தது. ஒருநாள் மேடத்துக்கே வயிற்றுப்போக்கு. செய்தி விழிஞ்ஞம் வரை போய், ஷீஜா டீச்சர் பழைய போர்டைத் துடைத்து மாட்டத் தயாராகிவிட்டார். மேடம் எனக்கு போன் செய்தார். "ஒரு குழந்தைக்காவது ஏதாவது ஆச்சா? இல்லையே! அப்போ காரணம் வேற. நேத்து நீங்க கேன்டீன்ல என்ன சாப்பிட்டேள்?"

"வடை."

"நானும்தான். உங்க வயிறு எப்படி இருக்கு?"

என் வயிறு எப்படி இருந்தது என்பதை நான் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. அதைக் காப்பகத்து வாசலில், அத்தனை அம்மாக்கள் முன்னால், சாட்சியாக நின்று சொல்ல வைத்தார். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வாழ்நாளில் அப்படி ஓர் அவமானம் பட்டதில்லை. போர்டு திரும்ப ஏறவில்லை. காப்பகமும் மூடப்படவில்லை.

செல்வி ஒன்றும் ஒல்லிக்குச்சியாகிவிடவில்லை. ஆனால் மேடம் ஓய்வுபெறுவதற்குள் சறுக்குமரத்தின் உச்சிக்கு ஏறி அங்கிருந்து எங்களைக் கூப்பிட்டாள். இப்போது ஒன்றாம் வகுப்பு. அந்தக் கடைசி போனில், ஜூஸ் சண்டைக்கு நடுவே, மேடம் கேட்டது இதைத்தான்: "செல்வி ஸ்கூல்ல இண்டர்வெல்லுக்கு என்ன திங்கறா? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்கோ." வெள்ளிக்கிழமை போகிறேன் என்றேன். புதன்கிழமை அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இண்டர்வெல் நேரத்துக்குப் போனேன். சொன்ன சொல் இருக்கிறதே. பள்ளி வாசலில் செல்வி என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள், மூச்சு வாங்கவில்லை. இண்டர்வெல்லுக்கு என்ன என்று கேட்டேன். டப்பாவைத் திறந்தாள். அவித்த வேர்க்கடலை, அப்படியே இருந்தது.

"ஏன் தின்னலே?"

"மொதல்ல நீங்க தின்னு பாருங்க மாமா. மேடம் தின்னுட்டுத்தானே எங்களுக்குத் தரும்?"

வாசலிலேயே நின்று தின்றேன். கண் கலங்கியதை மறைக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த முதல் வாய். அடுத்தவர் பிள்ளைக்கு நாம் வைக்கும் சாப்பாட்டையும், நாம் எழுதும் விதியையும், முதலில் நாம் தின்று பார்க்க வேண்டும்.

கடலையில் உப்பு கொஞ்சம் கூடுதல், மேடம். மற்றபடி நன்றாக இருந்தது.