சாமு வாய் திறந்தான்

என் மகன் சாமு என் கையால் ஊட்டினால் மட்டுமே சாப்பிடுவான். வேறு யார் கை நீண்டாலும் பல்லைக் கடித்துக்கொள்வான். கர்த்தருக்குள் பிரியமான சகோதரிகளே, இந்தச் சின்னக் காரியத்தில்தான் ஆண்டவர் எனக்கு இரங்கினார். அழாமல் சொல்லப் பார்க்கிறேன்.

சாமு ஓடி விளையாடிய பிள்ளை. நாலு வயதில் வந்த காய்ச்சல் அவன் நடையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. பிறகு வலிப்பும் வந்தது. அவனுடைய அப்பா மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர், மலைக்காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அதன்பின் வீட்டில் நானும் சாமுவும்தான்.

மிஷன் அம்மாமார் கற்றுத்தந்த, நூலால் பூப்பூவாய் ரேந்தை பின்னும் வேலை என் கையில் இருந்தது. அவன் பாயருகே உட்கார்ந்து பின்னுவேன். நூல் சுற்றிய கட்டைகள் ஒன்றோடொன்று தட்டினால் அவனுக்குச் சிரிப்பு வரும். அவன் வளர்ந்தான். என்னைவிட நீளமானான். மீசை அரும்பியது. ஆனாலும் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவ வேண்டும். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பலா இலையைக் கரண்டிபோலக் கோட்டி, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட வேண்டும். கூடவே தாலாட்டும் பாட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். ஒரு வேளைக் கஞ்சி இறங்குவதற்குள் வெயில் முற்றத்தைத் தாண்டிவிடும். என் ஜெபமெல்லாம் ஒன்றுதான். "ஆண்டவரே, இவனுக்கு முந்தி என்னைக் கூப்பிட்டுவிடாதேயும்."

நாகர்கோவிலுக்கு மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. மாசி மாதம். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிற ஜனங்கள் எங்கள் வாசல் வழியே நடந்துகொண்டிருந்தார்கள். கிணற்றடியிலிருந்து சாமுவைத் தூக்கினேன். வயிற்றுக்குள் ஏதோ அறுந்த மாதிரி வலித்தது. அப்படியே சரிந்தேன். அவன் என்மேல் கிடந்தான். கொடைக்குப் போன பெண்கள்தான் ஓடிவந்து எங்களைப் பிரித்துத் தூக்கினார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் துரை பார்த்தார். வயிற்றில் கட்டி, அறுத்து எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாய், எடுத்தபின் ஒரு மாதமாவது அசையாமல் கிடக்க வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நான் செத்தாலும் அவன் பட்டினி. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அவன் பட்டினி.

என் கணவரின் அண்ணன் மனைவி எஸ்தர் அக்கா அடுத்த வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் இல்லாதவள், நல்லவள். ஆனால் சாமுவின் வலிப்பைக் கண்டு பயம். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலே போய்விடுவாள். அன்றைக்கு அவள் உள்ளே வந்தாள்.

"ஏட்டி, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. பயல நான் பாத்துக்கிடுதேன்."

"ஒங்களுக்குப் பயம்லா அக்கா?"

"பயம்தான். பயந்துகிட்டே பாக்குதேன். நீ செத்துப்போனா அப்பமும் நான்தானே பாக்கணும்?"

"ஒங்க கையால அவன் குடிக்க மாட்டானே."

ஆனாலும் அக்கா என் துணியை மூட்டை கட்டினாள். வண்டி ஏறும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவனைப் பற்றித்தான் கேட்டேன். பார்க்க வந்த அத்தான், என் கணவரின் அண்ணன், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் எறங்கல மக்கா. அவ துணிய நனைச்சு உதட்டுல ஒத்துதா. அவ்வளவுதான்."

எழுந்திருக்கப் பார்த்தேன். நர்ஸ் அமுக்கிப் பிடித்தாள். முழங்கால் போட முடியாது. சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டேன். "ஆண்டவரே, எனக்குச் சுகம் வேண்டாம். அவன் வாயைத் திறந்தருளும்." அதற்குமேல் எனக்கு ஜெபம் வரவில்லை. அதையே சொல்லிச் சொல்லி நாக்கு உலர்ந்தது.

மறுநாள் மத்தியானம் அத்தான் மறுபடி வந்தார். கண் சிவந்திருந்தது.

"பய குடிச்சிட்டான் மக்கா! அவ பாட்டுப் படிச்சா!"

எஸ்தர் அக்காவின் குரலை எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். அவள் பாடினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். அதனால் அவள் வெறுமனே வாயை அசைப்பாள். அன்று கெஞ்சிப் பார்த்து, அழுது பார்த்து, கடைசியில் நான் பாடும் தாலாட்டை எடுத்திருக்கிறாள். ராகம் எங்கேயோ போனது. குரல் உடைந்தது. சாமு அவளை உற்றுப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குள் அவள் கஞ்சியை விட்டுவிட்டாள்!

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியாது.

நான் வீடு திரும்பினபோது சாமு அவள் கையைக் கண்டு வாய் திறந்துகொண்டிருந்தான். சந்தோஷம்தான். உள்ளே ஒரு குத்தும் இருந்தது. பெற்றவள்தானே. அதன்பிறகு அவனுக்கு இரண்டு தாய்மார்.

ஐப்பசி மழையில் அவனுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். மழை விட்ட ஒரு காலையில், என் மடியில் தலையும் அக்காவின் மடியில் காலுமாக, என் பிள்ளை மூச்சை விட்டான்.

எனக்கு முந்தி அவன் போக வேண்டும் என்று கேட்டவள் நான். ஆண்டவர் அப்படியே கேட்டருளினார். கேட்டதைப் பெற்றவள் ஏன் அழுகிறாள் என்று நினைக்காதிருங்கள். கஞ்சி வேளை வந்தால் இன்றைக்கும் என் கால் பலா மரத்தடிக்குப் போய்விடுகிறது. இலையைப் பறித்தபின்தான் நினைவு வருகிறது.

ஆண்டவர் அவனை ஏன் எழுந்து நடக்கவைக்கவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அதை ஆண்டவரிடம் நேரில்தான் கேட்பேன். நான் அறிந்தது இதுதான்: என் கை எட்டாத இடத்தில் என் பிள்ளை பட்டினியாய்ச் சாகவில்லை. பயந்தவள் ஒருத்தியைப் பயத்தோடேயே அனுப்பி, அவர் அவனைப் போஷித்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது நானும் எஸ்தர் அக்காவும் வியாதிக்காரர் இருக்கிற வீடுகளுக்குப் போகிறோம். இந்தக் கூட்டத்திலும் வாதத்தில் விழுந்த புருஷனையோ, புத்தி தவறிய மகளையோ வீட்டில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. உங்கள் கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. ஆண்டவரிடம் கேளுங்கள். எவ்வளவு சின்னதானாலும் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நாளைக்கே வருகிறோம். நீங்கள் கொஞ்சம் படுத்துத் தூங்குங்கள். பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்.