பழைய லேப்டாப்பில் புது டெஸ்க்டாப்

மறுநாள் கல்லூரியில் ப்ராஜெக்ட் காட்ட வேண்டும். என் லேப்டாப்பின் பழைய லினக்ஸ் திரையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்களே என்று, திரையின் தோற்றத்தையே மாற்றும் புதிய டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றை அதில் நிறுவினேன். எதையெதையோ நீக்கட்டுமா என்று கேட்டது. படிக்காமலே சரி என்றேன். மறுபடி இயக்கியதும் கறுப்புத் திரை என் பெயரை மட்டும் கேட்டது. ப்ராஜெக்டுக்கு வேறு நகல் கிடையாது.

விசைத்தறியை நிறுத்திவிட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, லேப்டாப் அணைஞ்சு போச்சா?”

“இல்லம்மா, இது இப்படித்தான் வரும்.”

“அப்புறம் ஏன் அதயே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்க? வீட்டுலயே படிச்சவ நாந்தான்னு பீத்திக்கிடுவியே!”

பெயரை அடித்துவிட்டு, கடவுச்சொல்லை இருமுறை தப்பாக அடித்தேன். மூன்றாம் முறை உள்ளே விட்டது. வெறும் எழுத்துகளாக வந்த கோப்புகளின் பட்டியலில் என் ப்ராஜெக்ட் இருந்தது. அவசரமாகப் பென்டிரைவில் நகலெடுத்தேன்.

“சரியாயிட்டா?”

“ஆயிட்டு” என்றேன். பழைய டெஸ்க்டாப்பும் புதியதும் வராமல் திரை கறுப்பாகவே இருந்தது. சிரிப்பார்கள் என்று பயந்தவர்களிடமே நாளை ப்ராஜெக்டைக் காட்ட லேப்டாப் இரவல் கேட்க வேண்டும்.