மயில் வெள்ளவத்தையில், தள்ளுவண்டி பம்பலப்பிட்டியில்

காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சேட்டு, ஒரு சாரம், போன் சார்ஜர். பைக்குள் இல்லாத ஒன்று என் அடையாள அட்டை. அது அரை மணித்தியாலத்துக்கு முன்னர் நான் விட்டு வந்த வெள்ளவத்தைக் கடையின் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

"அந்த மனிசிக்கு மயில் போய்ச் சேரட்டும். சேர்ந்ததெண்டு அவவே எனக்குப் போன் எடுத்துச் சொல்லட்டும். அதுக்குப் பிறகு வந்து அட்டையைக் கொண்டுபோ" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கொழும்பில் அட்டை இல்லாத தமிழனுக்கு வேலையும் கிடையாது, அறையும் கிடையாது. எனக்கு இது புதிதில்லை. வவுனியாவில் டயர் கடை, புத்தளத்தில் உப்பு, நீர்கொழும்பில் மீன் பெட்டி என்று எட்டாம் வகுப்போடு கிளம்பியவன் நான். ஒவ்வொரு இடத்திலும் முதலில் கேட்டது அட்டையைத்தான். ஆகவே மயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் அது உயிருள்ள மயில் இல்லை.

நான் வேலை செய்தது போன் ரீலோட், போட்டோகொப்பி, போன் கவர், வீடியோ கேம் எல்லாம் விற்கிற கடை. இப்போது கேம் இறுவட்டில் வருவதில்லை. ஒரு அட்டை தருவோம். அதைச் சுரண்டினால் கோட் இருக்கும். வீட்டுக்குப் போய் அடித்தால் கேம் இறங்கும். எல்லாக் கடையிலும் ஒரே கேம்தான் என்பதால், வெளியாக முன்னரே புக் பண்ணுகிறவர்களுக்கு ஒவ்வொரு கடையும் வெவ்வேறு பரிசு கொடுக்கும். பரிசும் கேமுக்குள்ளேதான் இருக்கும்: ஒரு தொப்பி, ஒரு குதிரை, ஒரு வாள். கையால் தொட முடியாத அந்தத் தொப்பிக்காக இரண்டு பஸ் மாறி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்த முறை வந்தது தோட்டம் செய்கிற கேம். எங்கள் கடையில் புக் பண்ணினால் தோட்டத்துக்கு ஒரு மயில். பம்பலப்பிட்டியில் எங்களுக்குப் போட்டியான கடையில் புக் பண்ணினால் ஒரு சிவப்புத் தள்ளுவண்டி.

நான் எனக்கான கேமைப் பம்பலப்பிட்டியில் புக் பண்ணி வாங்கினேன். அங்கே விலை கொஞ்சம் குறைவு. எங்கள் முதலாளி வேலை செய்கிறவனுக்கு விலைக்கழிவு தருகிற ஆள் இல்லை. லீவு நாளில், தொப்பி போட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தேன். கடை கொன்சோலில் விளையாடினேன். தள்ளுவண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாள் முழுக்க மற்றவர்களுக்கு மயிலைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கே மயில் மேல் ஆசை வந்துவிட்டது.

கேம் வெளியாகி நாலைந்து நாளில், கொட்டாஞ்சேனையில் இருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அன்ரி, புக் பண்ணியதை எடுக்க வந்தா. கேம் அட்டையை உறையில் போட்டுக் கொடுத்தேன். மயில் கோட் இருந்த சின்னத் துண்டு என் உள்ளங்கையிலேயே நின்றுவிட்டது. மகனுக்கு வாங்குகிறா என்று நினைத்தேன். பெடியள் மயிலைத் தேட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

மூன்று கிழமை கழித்து அவ திரும்பி வந்தா.

"தம்பி, எனக்கு மயில் வரல்ல."

"எனக்கு" என்ற சொல்லைக் கேட்டதும் என் கணிப்பு பிழை என்று விளங்கியது.

"சேர்வர் பிரச்சின அன்ரி. ஒரு கிழமையில வரும்."

அவ என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த டிவியைப் பார்த்தா. கடையில் காட்சிக்கு ஓட விட்டிருந்தது என் தோட்டம். எனக்கு வாழ்க்கையில் சொந்தமாக இருந்த ஒரே காணி அதுதான் என்பதால் அதைத் திறமாக வைத்திருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை தோகை விரிக்கிற மயில், அந்த நேரம் பார்த்து விரித்தது.

"அது யாருட மயில்?"

"அது டெமோ, அன்ரி."

முதலாளி உள்ளே இருந்து எழும்பி வந்தார். "டெமோவுக்கு மயில் அனுப்பேல்லையே."

நான் போட்டோகொப்பி மெஷினைத் துடைத்தேன். அவ கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போனா.

"இந்தச் சிவப்புத் தள்ளுவண்டி பம்பலப்பிட்டிக் கடையில வாங்கினாத்தானே குடுப்பாங்க?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். மயிலைப் பார்த்தபோது இல்லாத ஒரு நிறம் இப்போது அவர் முகத்தில் இருந்தது.

"நீ எங்க வாங்கினனி?"

"அண்ணை, அது வந்து..."

"மயில் எடுத்ததை விடு. அது களவு, ஊரில நடக்கிறதுதான். என்ரை சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய் அவனிட்டயோ வாங்கினனி?"

"அங்க விலை குறைவு, அண்ணை."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வேலையும் கடைக்குள் படுத்த இடமும் அதோடு போயின.

பம்பலப்பிட்டிக் கடை வந்ததும் உள்ளே போனேன். வேலை இருக்கிறதா என்று கேட்டேன். அனுபவம் இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது என்றேன். ஐடியைக் காட்டச் சொன்னார்கள். வெளியே வரும்போது கவுண்டரில் நின்றவர் என்னை அடையாளம் கண்டு, "நீங்கள் எங்கட வாடிக்கையாளர் தானே" என்று ஒரு ஸ்டிக்கர் தந்தார். அதை வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன்.

விலாசம் புக் பண்ணுகிற கொப்பியில் இருந்து மனதில் நின்றது. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான ஒழுங்கை. அன்ரி துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் காலையும் பகலும் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்கிறவ என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. கழுவிய அண்டாக்கள் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. அவ உள்ளே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தன் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தா.

"வந்திட்டியா மயில் கள்ளா" என்றா, டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல். "மயிலத் தா. வந்தா போன் எடுக்கச் சொல்லியிருக்காரு உன்ட மொதலாளி."

"அதைத் தனியாத் தர ஏலாது அன்ரி. கோட் ஒரு தடவை அடிச்சா அந்தக் கணக்கோட ஒட்டிடும். என்ட கணக்கையே தாறன். காணி, வீடு, மாடு எல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்க."

போனில் என் தோட்டத்தைத் திறந்து நீட்டினேன். அவ வாங்கிப் பார்த்தா.

"வேலி எங்க?"

"போடேல்ல."

"வெங்காயத்துக்குள்ள வாத்து நிக்குது. இந்தக் குப்பக் காணிய வச்சு நான் என்ன செய்ய? என்ட தோட்டத்துலதான் மயில் நிக்கணும். நாளைக்கி விடிய தங்கச்சி வாறா."

"எங்க இருந்து?"

"மொன்றியல்ல இருந்து. கேமுக்குள்ளதான் வாறா. ஒவ்வொரு சனியும் வந்து குற பிடிச்சிட்டுப் போவா. அவளுக்கு அங்க கடையில வெள்ளக் குதிர குடுத்திருக்காங்க. அதுல ஏறிக்கிட்டுத்தான் என்ட கத்தரிக்காயப் பாக்க வாறது."

மயிலுக்காக அவ பட்ட பாட்டையும் சொன்னா. கேம் கம்பனியின் சொந்த ஒன்லைன் கடையில் வெளிநாட்டு வங்கிக் கார்ட் கேட்டார்களாம், பரிசும் இல்லையாம். பக்கத்து ஒழுங்கையில் ஒருவன் கேம் இருக்கிற கணக்கை அரை விலைக்குத் தருகிறேன் என்றானாம். அவனிடம் வாங்கினால் மூன்றாம் மாதம் பாஸ்வேர்ட் மாறிவிடும் என்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது. பம்பலப்பிட்டிக்கும் போய்ப் பார்த்திருக்கிறா.

"தள்ளுவண்டி எனக்கு வாசல்லயே ஒண்டு நிக்குது, தள்ளத்தான் ஆள் இல்ல. அதான் வெள்ளவத்தைக்குப் போனேன். உன்ட மொகத்துல முழிக்கத்தான் எழுதியிருந்திச்சு."

நான் எழும்பிப் போகத்தான் பார்த்தேன். அப்போதுதான் அவ கேட்டா, "கேமுல அயல்காரனா சேந்தா கேற் ஒண்டு வருமே, அத உன்ட போன்ல தொறக்க ஏலுமா?"

ஏலும். கேமின் போன் அப்பில், பார்ப்பதைத் தவிர செய்யக் கூடியது இரண்டே இரண்டு வேலை: கேற் திறக்கலாம், தீன் போடலாம். அயல் தோட்டக்காரன் கேற்றைத் திறந்து வைத்தால் அவனுடைய பிராணிகள் இந்தப் பக்கம் வந்து மேயும். கேற்றை மூடினால் திரும்பிப் போய்விடும்.

"அப்ப விடிய ஆறு மணிக்கு இங்க நில்லு. மயில் வந்தாத்தான் உன்ட மொதலாளிக்குப் போன் எடுப்பேன்."

போக இடம் இல்லாததால் அன்றிரவு வாசலில் நின்ற தள்ளுவண்டியிலேயே காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். நீல நிறம், தள்ளினால் ஒரு சில்லு கிரீச்சிடும்.

ஆறு மணிக்குக் குசினிப் படியில் போனோடு இருந்தேன். உள்ளே சோறு கொதித்தது. டிவியில் வெள்ளைக் குதிரை வந்து நின்றது, அன்ரியின் போன் ஸ்பீக்கரில் தங்கச்சியின் குரல் வந்தது.

"என்னக்கா, இன்னும் அதே கத்தரிக்காய்தானா?"

அன்ரி எனக்குக் கண் காட்டினா. கேற்றைத் திறந்தேன். வாத்துத்தான் முதலில் போனது.

"இதென்ன, வாத்தா வளக்கிறே?"

அன்ரி கையில் அகப்பை இருந்தது. அதை அவ பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மயில் வெங்காயப் பாத்தியில் அசையாமல் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் விழும்படி தீன் போட்டேன், ஒன்றன் பின் ஒன்றாக, கையிருப்பு முழுவதையும். மயில் தலையைத் திருப்பியது. பிறகு ஏதோ தான் நினைத்துத்தான் புறப்பட்ட மாதிரி மெதுவாகக் கேற்றைத் தாண்டி, கத்தரிக்காய்க்கு நடுவில் போய் நின்று தோகையை விரித்தது.

வெள்ளைக் குதிரை மயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"எங்கக்கா வாங்கினே?"

"இங்கதான், வெள்ளவத்தையில" என்றா அன்ரி, சாதாரணமாக. "எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க."

குதிரை போன பிறகு அன்ரி முதலாளிக்குப் போன் எடுத்தா. "ஓம், மயில் வந்திட்டுது. அட்டைய எடுத்து வையிங்க. இல்ல, இப்ப வர மாட்டாரு, பின்னேரம் வருவாரு. இப்ப வேலையில நிக்கிறாரு."

எனக்கு அது புதுச் செய்தி.

"என்ன வேலை அன்ரி?"

"அடுத்த சனியும் தங்கச்சி வருவா இல்ல? நீ போயிட்டா மயிலும் போயிரும்" என்றா அவ. முற்றத்து மேசையில் கட்டி அடுக்கியிருந்த காலைப் பார்சல்களைக் காட்டினா. "ஏத்து. ஏழரைக்கு முன்ன துறமுக கேற்றடிக்குப் போகணும்."

அட்டையைக் கேட்காமல் எனக்கு வேலை தந்தவ அவ ஒருத்திதான். பார்சல்களை ஏற்றி, நீலத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையால் இறங்கினேன். பின்னால் இருந்து அவ குரல் வந்தது.

"போன் சார்ஜ் பாத்துக்கோ தம்பி. கேற்ற மூடிராத."