தேவானந்தம் சாரின் சிலோன் அட்டவணை

தாம்பரத்திலிருந்து எட்டு பத்துக்குக் கிளம்பும் மின்சார ரயிலின் மூன்றாவது பெட்டியில், இலங்கைத் தீவின் சுற்றுலா இலாகா முழுவதையும் 1965 முதல் தேவானந்தம் சார் ஒருவரே கவனித்துவந்தார். அந்தத் தீவின் அரசாங்கத்துக்கு இது தெரிவிக்கப்படவில்லை. சாரும் அங்கே போனதில்லை. இந்த இரண்டு குறைகளாலும் நிர்வாகம் ஒரு நாள்கூடத் தடைபட்டதில்லை.

சேலையூரில் வீடு. நுங்கம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க் வேலை. மற்றபடி அவருடைய வாழ்க்கை என்பது அந்த அட்டவணைதான். நான்கு பழுப்புத் தாள்களை ஒட்டி, மேலே பன்னிரண்டு மாதங்களும் ஓரத்தில் ஊர்களுமாகக் கட்டம் போட்டிருந்தார். போகலாம் என்றால் நீலப் பென்சில், கூடாது என்றால் சிவப்பு. சங்கடம் என்னவென்றால், அந்தத் தீவை இரண்டு பருவமழைகள் முறை வைத்துக்கொண்டு நனைக்கின்றன. கொழும்பு நீலமாக இருக்கும்போது திருகோணமலை சிவப்பு. திருகோணமலை தெளிந்தால் மலைநாட்டில் கொட்டுகிறது. தீவு முழுவதும் நீலமாகும் ஒரு மாதத்துக்காக சார் ஒன்பது வருஷம் பொறுமையாகக் காத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு முத்திரையைக்கூடப் பார்க்காமல் காலாவதியாகி, புதுப்பிக்கப்பட்டது.

அவர் மனைவி ஞானஜோதி பள்ளிக்கூட டீச்சர். இருவருக்கும் சேர்த்து எடுத்த அந்தப் பாஸ்போர்ட்டில் கணவருக்குப் பக்கத்துப் படத்தில் இருந்தவர். இலாகாவின் ஒரே எதிர்க்கட்சியும் அவர்தான். ஒரு தடவை, "அந்த ஊர்க்காரங்க மழைக்குப் பயந்து எந்த ஊருக்குப் போறாங்களாம்?" என்று கேட்டார். சார் அதைக் கேள்வியாகவே ஏற்கவில்லை.

ரயிலில் சாரின் மதிப்பு குறையவில்லை. கல்யாணம் நிச்சயமானவர்கள், ரிட்டயர் ஆகப்போகிறவர்கள் எல்லாரும் தேடிவந்து ஆலோசனை கேட்டார்கள். தலைமன்னாரில் இறங்கி எந்த ரயில், எங்கே மாற வேண்டும், எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் அருவி தெரியும் என்று பல்லாவரத்தில் ஆரம்பித்தால் கோடம்பாக்கம் வரைக்கும் சொல்வார். கேட்டவர்கள் மனம் நிறைந்து கொடைக்கானலுக்குப் போய்வந்தார்கள். "சார் எப்ப போறீங்க?" என்று யாராவது கேட்டால், "வர்ற பிப்ரவரி" என்பார். எல்லா வருஷத்துக்கும் ஒரு பிப்ரவரி இருந்தபடியால் அந்தப் பதில் பொய்யாகவில்லை.

1974 மார்ச்சில் இலாகாவுக்கு ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் லோகநாதன். பெருங்களத்தூரில் நிலமும் விறகுத் தொட்டியும் உள்ளவர். அதே பெட்டியில் சரக்கு வாங்கப் போகிறவர்.

"சார், நம்ம தொட்டியில புது வாட்ச்மேன் சேந்துகீறாரு. அசல் சிலோன் ஆளு. ரெண்டு கவர்மெண்டும் போட்ட ஒப்பந்தத்துல இங்க அனுப்சிட்டாங்களாம். உங்களாண்ட இட்டாரேன், ரெண்டு பேரும் பேசுங்க. நாங்க கேட்டுகினு இருக்கோம்."

சார் புன்னகை செய்தார். மறுநாள் ஏழாவது பெட்டியில் ஏறினார். ஒரு வாரம் அங்கேயே முகம் தெரியாதவர்களோடு நின்றுகொண்டு போனார். போகாத ஊரைப் பற்றி ஒன்பது வருஷம் பேசியவனைப் பார்த்து, ஐம்பது வருஷம் அங்கேயே இருந்தவன் சிரித்தால் என்ன ஆவது? ராத்திரிகளில் அட்டவணையை விரித்து பரீட்சைக்குப் போகிறவர்போல மனப்பாடம் செய்தார்.

லோகநாதன் விடுகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சார் வீடு திரும்பியபோது, வாசலில் லோகநாதனும் ஒரு மெலிந்த பெரியவரும் நின்றார்கள். பெரியவர் பெயர் சவுரிமுத்து. சார் அவரை உட்காரவைத்து, தண்டனையை எதிர்பார்க்கிற முகத்தோடு அட்டவணையை விரித்தார்.

சவுரிமுத்து சிரிக்கவில்லை. விரலால் ஒவ்வொரு ஊராகத் தொட்டுப்பார்த்தார். பிறகு கூச்சத்தோடு கேட்டார்.

"ஐயா, நுவரெலியா எப்படியிருக்கும்?"

சார் முதலில் இது குறுக்கு விசாரணை என்று நினைத்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சவுரிமுத்து பிறந்தது அட்டனுக்குப் பக்கத்தில் சின்னக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில். பார்த்தது அந்த மலை, அட்டன் கடைத்தெரு, கப்பலேற வந்தபோது தலைமன்னார். அவ்வளவுதான். இருபது மைலில் இருந்த நுவரெலியாவுக்குப் போக லீவும் இல்லை, வேலையும் இல்லை. சார் அவருக்கு நுவரெலியாவைக் காட்டினார். ஏரி, பூந்தோட்டம், குதிரைப் பந்தயத் திடல். சவுரிமுத்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். லோகநாதன் ஏமாந்துபோய்க் காபி கேட்டார்.

"எங்க தோட்டம் இதுல இல்லீங்களே" என்றார் சவுரிமுத்து கடைசியில். இல்லைதான். சாருக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பெரியவர் வந்த காரியத்தைச் சொன்னார். மகள் ஜெயசீலி அங்கேயே குடியுரிமை பெற்று அத்தையோடு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறாள். ஜூன் பன்னிரண்டு கல்யாணம். ஜூனில் மழையால் கொழுந்து குறையும், சனங்களுக்குக் கை ஓயும், அதனால் அந்த நாள். இவருக்கு விசா கிடைக்காது. கூறைப்புடவை வாங்கிவைத்திருக்கிறார், தபாலில் போட மனம் துணியவில்லை.

"ஐயா போறப்ப கொண்டுபோய்க் குடுத்துருவீங்களா? எப்பப் போறீங்க?"

அட்டவணையில் மலைநாட்டு ஜூன் கட்டம் ரத்தச் சிவப்பு. சார் இரண்டு தடவை தீட்டிய ஒரே கட்டம் அது. வாய் பழக்கதோஷத்தில் "வர்ற பிப்..." வரைக்கும் போய்விட்டது. உள்ளேயிருந்து காபியோடு வந்த ஞானஜோதி கணவரின் முகத்தையே பார்த்தார்.

"ஜூன்ல" என்றார் சார்.

அந்த வருஷம் பள்ளி திறக்கும் வாரத்தில் ஞானஜோதி டீச்சர் தம் சர்வீஸில் முதல்முறையாக லீவு போட்டார். ராமேஸ்வரம் வண்டி தாம்பரத்தில் நின்ற சில நிமிஷங்களுக்குள் லோகநாதன் பெட்டியை ஏற்றி, "சார் நெஜமா போறாரா, செங்கல்பட்டுல எறங்கிடுவாரா, நீ பாத்துக்கோ டீச்சர்" என்று எச்சரித்தார். சவுரிமுத்து புடவைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்து, கொடுத்த கையை உடனே எடுக்காமல் நின்றார்.

பத்து நாளும் மழை. அருவி தெரியும் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தும் தெரிந்தது மூட்டம் ஒன்றுதான். நுவரெலியாவுக்குப் போகவில்லை, நேரம் இல்லை. சின்னக்காட்டுக்கு ஏறும் பாதையில் சார் இரண்டு தடவை விழுந்தார். மாதா கோயிலில் தகப்பன் நிற்கும் இடத்தில் அவரை நிற்கச் சொன்னபோது வேட்டியெல்லாம் சேறு.

திரும்பி வந்ததும் நேராக விறகுத் தொட்டிக்குப் போனார். சவுரிமுத்து, மகளுக்குப் புடவை பொருந்தியதா, சாப்பாடு போதுமாக இருந்ததா என்று கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"மழையாங்க?"

"நிக்கவே இல்ல. தப்பான மாசம்."

"ஆவணி வரைக்கும் அப்படித்தான் பெய்யும்" என்றார் சவுரிமுத்து. முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எல்லாம் அப்படியே இருக்கு."

சார் வீட்டுக்கு வந்து அட்டவணையை விரித்தார். கடைசி வரிசையில் சின்னக்காடு என்று எழுதினார். ஜெயசீலி மூலம் பேரன் பேத்தி பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு எப்போது போக வேண்டியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாதாகையால், பன்னிரண்டு கட்டங்களையும் நீலத்தால் தீட்டத் தொடங்கினார். நவம்பரோடு பென்சில் தீர்ந்துபோனதால், டிசம்பரை ஞானஜோதி தம் மைப்பேனாவால் முடித்துக்கொடுத்தார்.