மூலையில் பெஞ்சா, புத்தகமா?

ஆசிரியர் வேலையில் கத்துவதற்குச் சம்பளம் உண்டு. வகுப்பில் நூலகம் வைப்பதற்கு வசவு மட்டும்தான். புத்தக அலமாரி ஒன்றை வைத்துவிட்டு, பிள்ளைகள் அதைத் தானாகத் தொடமாட்டார்களா என்று காத்துக் கிடக்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். நான் தோளில் புடவை மூட்டையோடு அம்பத்தூரில் வீடு வீடாக ஏறி இறங்கி விற்றவள். தபாலில் படித்து டீச்சரானேன். கோபம் முன்னால் வரும், நான் பின்னால் வருவேன். ஆவடிப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் எனக்கு ஐந்தாம் வகுப்பு.

எடைக்கு எடை

கதைப் புத்தகம் வாங்கப் பள்ளியில் பணம் கிடையாது என்று தாளாளர் கையை விரித்துவிட்டார். மேனாம்பேட்டில் ஒரு பழைய பேப்பர் கடை. ஃப்ளாட்டைக் காலி செய்து போகிறவர்கள் போட்ட சிறுவர் புத்தகங்கள் அங்கே கட்டுக் கட்டாகக் கிடந்தன. மூன்று வருடத்துப் பரீட்சைப் பேப்பரை ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கி, எடைக்கு எடை கதைப் புத்தகம் கொடு என்றேன். பாதிதான் என்றார் கடைக்காரர். தராசின் எடைக்கல் தட்டில் அவர் விரல் அழுந்தியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். அதன் பிறகு நான் பேசியதை ஒரு டீச்சர் எழுதக் கூடாது. எடைக்கு எடையே கிடைத்தது. கட்டைத் தூக்கிக் கொடுத்தபடி அவர் சொன்னார்: "டீச்சரம்மா, நீ பாடம் நட்த்துறியா, தண்டல் வசூல் பண்றியா? உன்னாண்ட படிக்கிற புள்ளைங்க இன்னா பாவம் பண்ணுச்சுங்களோ!"

அட்டை போட்டது

எங்கள் பள்ளியில் பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டினால்தான் அது புத்தகம். அட்டை போட வீட்டுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் இந்த விஷயத்தில் பட்டாளம். மூலை மடிப்பெல்லாம் கத்தி மாதிரி வந்தது. எண்பது புத்தகம், ஒரே பழுப்பு, லேபிளில் நம்பர். உயர வாரியாக அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து நானே சொக்கிப்போனேன்.

மூன்று வாரம் ஒரு பிள்ளை அந்தப் பக்கம் போகவில்லை. பிரியா என்கிற வாயாடியை நிறுத்தி, ஏண்டி யாரும் எடுக்கவில்லை என்று அதட்டினேன். அவள் யோசிக்கவே இல்லை: "எது கதை, எது கணக்குன்னே தெர்ல மிஸ். எல்லாம் ஹோம்வொர்க் நோட்டு மாதிரியே கீது."

ஒரு மாதம்

அந்த வாரமே தாளாளர் சுற்றி வந்தார். புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு இடமில்லை. அவர் கண் அலமாரி மூலையில் போய் நின்றது. இதை எடுத்துவிட்டு இரண்டு பெஞ்ச் போடலாம் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளைகள் எதிரில் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளைகள் எடுப்பார்கள், கொஞ்சம் டைம் கொடுங்கள் என்றேன். பத்து நாள் தருகிறேன் என்றார். முழுப் பரீட்சை வரை வேண்டும் என்றேன். ஒரு மாதத்தில் படிந்தது. போகும்போது நிபந்தனை வைத்தார்: "மிஸ், நீங்க சொல்லாம ஒரு பிள்ளை தானா எழுந்து போய் புக் எடுக்கணும். அதை நான் என் கண்ணால பாக்கணும்."

அட்டை கிழித்தது

அன்று பள்ளி விட்டதும் எண்பது அட்டையையும் உரித்தேன். பட்டாளத்து அம்மாக்கள் இரண்டு பேர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அலமாரியை எடுத்துவிட்டு நான்கு காய்கறி ட்ரே வைத்து, புத்தகங்களை முகம் தெரிய நிறுத்தினேன். ட்ரேக்குப் பிள்ளைகளே பேர் எழுதினார்கள்: 'பேய்', 'சிரிப்பு', 'படம் நிறைய', 'முதல்ல போரடிக்கும், அப்புறம் சூப்பர்'. நான்காவதுக்குத்தான் அடிதடி. வேண்டியதை வீட்டுக்கும் எடுத்துப்போங்கள் என்றேன்.

மூன்றாம் நாள், வெள்ளானூர் ஃப்ளாட்டிலிருந்து ஓர் அப்பா வந்தார். கழுத்தில் ஐ.டி. கம்பெனிப் பட்டை. பையன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே பேய்க் கதையைத் திறந்து வைத்திருக்கிறானாம். நல்லதுதானே சார் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "அது சரி மேடம், இதுலேருந்து எத்தனை மார்க்குக்குக் கேள்வி வரும்?"

காலி ட்ரே

மாதம் முடிந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் தாளாளர் வருவார் என்று யார் கண்டது? சனி, ஞாயிறுக்கு ஆளுக்கு இரண்டாக அள்ளிப் பைக்குள் போட்டாயிற்று. நான்கு ட்ரேயும் துடைத்து வைத்ததுபோல் கிடந்தன. "காலியாத்தானே இருக்கு? திங்கக்கிழமை பெஞ்ச் வந்துடும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதற்குள் பிரியா எழுந்து போய் ஒரு புத்தகத்தை நான்காவது ட்ரேயில் வைக்கப் போனாள், முடித்துவிட்டாளாம். அது ட்ரேயில் படுவதற்குள் மூன்று பேர் பாய்ந்தார்கள். ஒருத்தன் சட்டைப் பட்டன் தெறித்துத் தாளாளர் செருப்பருகே உருண்டு நின்றது.

நான் யாரையும் எழச் சொல்லவில்லை. "பாத்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன். புதுப் பிள்ளைகள் நான்கு பேரையும் இருக்கிற பெஞ்சிலேயே நெருக்கி உட்கார வைப்பது என் பாடு என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் பட்டனைப் பொறுக்கி என் மேசையில் வைத்தார். "சரி, ட்ரே இருக்கட்டும். ஆனா மிஸ், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும்போது பத்து புக்காவது பிடுங்கி வெச்சுக் காட்டுங்க. இப்படிக் காலியா இருந்தா லைப்ரரின்னு எவன் நம்புவான்?"

சரக்கு மொத்தமும் போய்விட்டது என்பதற்காகத் திட்டு வாங்குகிற தொழில் இந்த உலகத்தில் இது ஒன்றுதான்.