பயிற்சிக்கு முன் எடுத்த படம்

சின்னக் கடைகளைத் தூக்கிவிடுகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் தேனியில் ஆபீஸ் போட்டிருந்தது. மூன்று நாள் பயிற்சி, முடித்தால் கடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ். பயிற்சி கொடுக்கிறவன் நான். வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை. ஆனாலும் பெரிய பருப்பு என்று நினைப்பு.

பழனிசெட்டிபட்டியில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருந்த அக்கா மனுப் போட்டிருந்தார். இட்லி மாவு விற்றுத்தான் பிழைப்பு. வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் மாவு புளித்துப் பொங்கிவிடும். மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் கிடைத்தால் நிமிர்ந்துவிடுவார். நேரில் போய்ப் பார்த்தேன். கிரைண்டரைக் கழுவித் துடைத்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். டப்பாக்களில் ஒரு தூசி இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பணம் கொடுக்கிறவர்கள் பயிற்சிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு படம் கேட்பார்கள். ஏற்கெனவே பளிச்சென்று இருக்கிற கடைக்கு எவன் ஃப்ரிட்ஜ் கொடுப்பான்?

விஷயத்தைச் சொன்னதும் தயங்கினார். படம் ஆபீஸ் ஃபைலுக்கு மட்டும்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். பிறகு நானே வேலையில் இறங்கினேன். வெங்காயச் சருகை அள்ளி இறைத்தேன். அரிசியைச் சிதறவிட்டேன். தரை துடைக்கிற அழுக்குத் துணியைத் தூக்கிக் கிரைண்டர் மேல் போடப் போனபோது மட்டும் கையை நீட்டித் தடுத்தார்.

"அதுல மாவு அரைக்கிறேன் சார்."

நான் கேட்கவில்லை, போட்டேன். கூச்சத்தில் சிரித்துக்கொண்டு நின்றவரை, பாவமாக நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன்.

ஃப்ரிட்ஜ் வந்தது. குங்குமம் வைத்து, மாலை போட்டார். அதை இரண்டாவது படமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த பயிற்சியில் என் சாமர்த்தியத்தைக் காட்ட இரண்டு படங்களையும் திரையில் போட்டேன். அக்காவுக்கு அடுத்த தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் செல்போனைத் தூக்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மாதான் இருந்தேன். பொழுது சாய்வதற்குள் முதல் படம் மட்டும் அக்காவின் ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது.

நாலாம் நாள் அக்கா ஆபீசுக்கு வந்தார். மாவு வாங்க ஒருத்தரும் வருவதில்லை, ஃப்ரிட்ஜ் நிறைய அப்படியே கிடக்கிறது என்றார்.

"அந்தக் குப்பைய நாந்தான் போட்டேன்னு அங்கன வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா நம்புவாக."

சொன்னால் என் வேலை போய்விடும்.

"நீங்களும் சம்மதிச்சுத்தானக்கா நின்னீக?"

அவர் திரும்பி நடந்தார். நல்லா மடக்கிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. சீ!

வீரபாண்டித் திருவிழா வந்தது. வீட்டுக்கு வீடு விருந்தாளி, மாவுக்குத் தட்டுப்பாடான நாட்கள். அவர் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். திருவிழா முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டார். கடை நடக்காவிட்டால் ஃப்ரிட்ஜைத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. ஏற்றிவர நான்தான் போனேன். உள்ளும் புறமும் கழுவித் துடைத்து, அதே வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்.

அந்தப் படம் இன்னும் என் பயிற்சியில் இருக்கிறது. போன மாதம் கம்பத்தில் போட்டபோது ஒரு கடைக்காரம்மா முகத்தைச் சுளித்தார்.

"இம்புட்டு அழுக்கா இருந்தா இவகிட்ட யாரு மாவு வாங்குவாக?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டேன்.