கால்சட்டைப் பையில் கொதித்த டார்ச்

மலேசியாவின் திகாம் பத்து ஊரில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆசைக்கு டார்ச்லைட்டும் செய்வேன். மீன்பிடிப் பைத்தியமான என் அண்ணனுக்காகப் பெரிதாக ஒன்று செய்தேன். பேட்டரி மின்சாரத்தை அளந்து விளக்குக்கு அனுப்பும் சின்ன மின்சுற்றுப் பலகையை டிரைவர் என்போம். வெளிச்ச ஆசையில் இருப்பதிலேயே சக்தியான டிரைவரை வாங்கி, குழாய்க்குள் சும்மா தொங்கவிட்டு மூடிவிட்டேன்.

அன்று சாயங்காலம் இருவரும் யான் என்ற ஊரின் ஆற்றங்கரைக்குப் போனோம். டார்ச்சைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் உட்கார்ந்ததில் சுவிட்ச் அழுந்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் துள்ளி எழுந்தார்.

“ஐயோ தங்கச்சி, சுடுது லா!”

டார்ச்சை உருவ முடியாமல் கால்சட்டையையே கழற்றி எறிந்தார். தொடை சிவந்ததோடு தப்பித்தார். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்த சாரோங் கைலியை நீட்டினார்.

“இனிமே டார்ச் கொடுத்தா சாரோங்கும் சேத்துக் கொடும்மா,” என்றார் அண்ணன்.

வீட்டில் திறந்து பார்த்தேன். டிரைவர் கருகி, பேட்டரியின் உறை உருகத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வெடித்திருக்கும். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது விளக்குக்குத் தேவையான அளவு சக்தியுள்ள டிரைவர்தான் வாங்குகிறேன். சூடு ஏறினால் தானாக மங்கும் வகை. சூடு வெளியேற, அதை அலுமினிய உடம்போடு வெப்பம் கடத்தும் பசை போட்டு ஒட்டுகிறேன். எரியவிட்டு, என் கையிலேயே பிடித்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். அண்ணன் மட்டும் புது டார்ச்சை மீன் வாளியில்தான் கொண்டுபோகிறார்.